பாலைவனத்துப் பண்டகசாலைகள்

அமெரிக்க நாட்டில் எந்த நகரத்தை விட்டு எந்தத் திசையில் வெளியேறினாலும், குடியிருப்புகள் முடிந்து வெற்று நிலம் தொடங்குகிற எல்லைப் பிரதேசத்தில், ஜன்னல் என்பதே இல்லாத தாழ்ந்த நீண்ட கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்பதையும், அவற்றின் இரு மருங்கிலும் ஒரே வர்ணம் தீட்டிய தகர ஷட்டர்கள், கடையடைப்பு நாளில் நம் கடைவீதி தோன்றுவது போல, ஒன்று விடாமல் இறக்கப்பட்டுக் கிடப்பதையும் பிரயாணி ஒருவன் காணாமல் போக முடியாது. உள்ளே உற்பத்தி எதுவும் நடப்பதில்லை, விற்பனை நடப்பதில்லை, எவரும் குடியிருப்பதும் இல்லை. வீட்டில் இடம் கொள்ளாமல் போன சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்வதற்கு மாத வாடகைக்கு அறை கொடுக்கும் ஸ்தாபனங்கள் அவை. அங்குள்ள நம்மவர்கள் சுருக்கமாக ‘ஸ்டோரேஜ்’ என்கிறார்கள். இத்தகைய இடங்கள் அந்தத் தேசத்தில் 50,000-க்கு அதிகமாக உள்ளன. ஏறக்குறைய பத்தில் ஒரு குடும்பம் இப்படி ஓர் அறைக்கு வாடகை செலுத்தி வருகிறது. அமெரிக்கா சென்று திரும்பியவர்கள் நயாகராவைப் பற்றியும் நியூயார்க்கின் மாடங்களைப் பற்றியும் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. இந்தக் கதவுகளுக்குப் பின்னால் எது உள்ளே போகிறது, எது எப்போது வெளியே வருகிறது, வெளியே வந்தது எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் குடும்ப நிமித்தமாகக் கிடைத்தது.

என் அக்காள் மகன் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் கணிப்பொறித் துறையில் இருப்பவன். உத்தியோக மாற்றத்தின் காரணமாக அரிஸோனா மாகாணத்துத் தலைநகரான ஃபீனிக்ஸுக்குக் குடிபெயர வேண்டியிருந்த சமயத்தில் நான் அவன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தேன். “மாமா, நீங்க எதுக்கு லாரியில கஷ்டப்படணும்? ஃப்ளைட்ல ஏத்தி விடறேன், கொஞ்ச நேரத்துல போயிடலாம்” என்று அவன் சொன்னது நியாயமே. ஆனால் ஆகாய மார்க்கமாகச் செல்பவன் விமான நிலையங்களை மட்டுமே காண்கிறான். சாமான்களோடு சாமானாகப் பிரயாணம் செய்கிறவனுக்குத்தான் ஒரு நாட்டின் வீட்டு விவகாரம் சிறிதாவது புலப்படும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம் ஆகையால், லாரியின் முன் ஆசனத்தையே வேண்டிப் பெற்றுக்கொண்டேன்.

அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறை சான் டியேகோவுக்குக் கிழக்கே, மலைகள் சூழ்ந்த எல் கஹோன் என்ற ஊரில் இருந்தது. இத்தொழிலின் சரித்திரத்தில் அந்த ஊருக்கு ஒரு ஸ்தானம் உண்டு. வேய்ன் ஹ்யூஸ், கென்னத் வோல்க் என்ற இருவர் 1972-ஆம் வருஷம் தங்கள் முதல் கிடங்கை இங்கேதான் கட்டினார்கள். இன்று ‘பப்ளிக் ஸ்டோரேஜ்’ என்ற பெயரில் ஆரஞ்சு நிறக் கதவுகளோடு தேசமெங்கும் பரவியிருக்கும் பெரிய கம்பெனி அந்த ஒரு கிடங்கிலிருந்து கிளைத்தது. அவர்களுக்கு முன்பாகவே, 1964-இல், டெக்ஸாஸின் ஒடெஸ்ஸா நகரத்தில் எண்ணெய்த் தொழிலிலும் மீன்பிடிப்பிலும் ஈடுபாடு கொண்ட ரஸ் வில்லியம்ஸ் என்பவர், தம்முடைய படகுக்கும் தளவாடங்களுக்கும் இடம் தேடப் போய், தம்மைப் போல் இடம் தேடுவோர் ஊரில் பலர் இருப்பதை அறிந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். ஃப்ளோரிடாவில் 1958-லேயே ஒரு குடும்பத்தார் தொடங்கிவிட்டார்கள் என்று வாதிப்போரும் உண்டு. யார் முதல்வர் ஆனாலும் சரி, அவர்கள் கண்டுபிடித்த சூட்சுமம் ஒன்றே. மனிதரைக் குடிவைத்தால் தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், குழாய் ஒழுகினால் ஆள் அனுப்ப வேண்டும். சாமான்களைக் குடிவைத்தால் தரையும் கூரையும் பூட்டும் போதும். கட்டட வகைகளுள் மிகக் குறைந்த தண்ணீரும் மின்சாரமும் செலவழிப்பவற்றில் இக்கிடங்குகளுக்கு இடம் உண்டென்றால், அது யாரும் தீர்மானம் போட்டுச் சாதித்த புண்ணியம் அல்ல, தொழிலின் சுபாவம்.

பத்தடிக்குப் பத்தடியான அந்த அறையின் ஷட்டரை அவன் தூக்கியபோது, மூன்று வருஷத்துக் குடும்பச் சரித்திரம் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தது. முன்னால் ஒரு சோபா செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் இரட்டை மெத்தை, வெண்மையான எழுதுமேஜை, குழந்தையின் கட்டில், பின்புறம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் பின்னால், மிகப் பத்திரமாக, கொலுப் படிகளும் பொம்மைப் பெட்டிகளும். மேஜையின் கண்ணாடிப் பலகைக்கு அவன் ‘பபிள் ராப்’ என்னும் குமிழித் தாள் சுற்றியிருந்தான். 1957-இல் நியூ ஜெர்ஸியின் ஹாத்தார்ன் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இரு பொறியாளர்கள் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக இதை உண்டாக்கி, அந்த வகையில் வாங்குவார் இல்லாமல் போகவே, பிறகு ஐ.பி.எம். கம்பெனியின் கணிப்பொறிகளைப் பத்திரமாக அனுப்புவதற்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள். பொம்மைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தசாவதாரமும் செட்டியாரும் செட்டிச்சியும் என் அக்காளின் நைந்த பருத்திப் புடவைக் கிழிசல்களுக்குள் சுகமாகப் படுத்திருந்தார்கள். பல நவராத்திரிகளுக்குச் சுற்றியும் பிரித்தும் துவைத்தும் மடித்தும் வந்த துணி அது. வருஷத்தில் பத்து நாள் மட்டும் வேண்டிய வஸ்துவுக்கு வருஷம் முழுவதும் வீட்டில் இடம் ஒதுக்க முடியாதவனுக்கு இப்படி ஓர் அறை தேவைப்படுவதில் குற்றம் காண எனக்குத் தோன்றவில்லை. அந்த எழுதுமேஜைதான் எனக்கு விளங்கவில்லை. வேறு மேஜை வாங்கிய பிறகு, அதை வைத்திருப்பதா கொடுப்பதா என்று முடிவு செய்ய முடியாமல் இங்கே கொண்டுவந்து போட்டதாக அவன் ஒப்புக்கொண்டான். முடிவு செய்யாமல் இருப்பதற்கு மாதந்தோறும் வாடகை கட்டியிருக்கிறான்!

மெத்தையைக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று. அங்கே கலிபோர்னியா சர்க்காரின் ஏற்பாடு ஒன்றை நேரில் பார்த்தேன். 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி, புதிய மெத்தை வாங்கும்போதே விலையோடு சேர்த்து ஒரு சிறு கட்டணம் வசூலிக்கிறார்கள். பழைய மெத்தைகளைச் சேகரித்துப் பிரித்துப் போடும் செலவு அந்த நிதியிலிருந்து நடக்கிறது. ஆகவே சேகரிப்பு நிலையத்தில் மெத்தையை இறக்கிக் கொடுத்தபோது எங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. மேலுறையை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து, நுரைப் பஞ்சை ஒரு பக்கமும் பருத்தியை ஒரு பக்கமும் எஃகுச் சுருள்களை வேறொரு பக்கமுமாகப் பிரிக்கிறார்கள். சுருள்கள் உருக்காலைக்குப் போகின்றன, நுரை துண்டு துண்டாகித் தரைவிரிப்புக்கு அடியிடும் மெத்தையாகிறது, சட்ட மரம் தூளாகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்த மாகாணத்தில் 2003-ஆம் வருஷத்திலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

லாரி வாடகை லாரி. அந்த நாட்டில் வீடு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே ஓட்டிச் செல்லும் ‘யூ-ஹால்’ வண்டி அது. 1945-ஆம் வருஷம், யுத்தத்திலிருந்து திரும்பிய ஜனங்கள் ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டிருந்த நாளில், வாஷிங்டன் மாகாணத்து ரிட்ஜ்ஃபீல்டில் ஸாம் ஷோயனும் அவர் மனைவி அன்னா மேரியும் 5,000 டாலர் சேமிப்போடு இதைத் தொடங்கினார்கள். இழுவை வண்டி ஒன்றை ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடலாம் என்பதே அவர்கள் செய்த புதுமை. பிரதம காரியாலயம் 1967 முதல் ஃபீனிக்ஸில்தான் இருக்கிறது. வாழ்நாளில் சில தடவை மட்டுமே வேண்டிய லாரியை ஆளுக்கொன்று வாங்காமல் ஊரார் அனைவரும் மாற்றி மாற்றி உபயோகிக்கும் இந்த ஏற்பாட்டைவிட மேலான சிக்கனம் சுற்றுச்சூழல் பிரசுரங்களில் காணும் எதிலும் இல்லை. ஆனால் அது பழகிப்போன வழக்கம் ஆகையால் யாரும் அதைச் சிக்கனம் என்று பாராட்டுவதில்லை.

எட்டாம் எண் நெடுஞ்சாலை எல் கஹோனிலிருந்து நேரே மலை ஏறுகிறது. 4,000 அடிக்கு மேல் உயர்ந்து, ஓக் மரமும் புதரும் குறைந்து, மலையே யாரோ கொட்டிவைத்த உருண்டைப் பாறைகளின் குவியலாகிவிடும் இடத்தில், சாலை திடீரென்று கீழ்நோக்கித் திரும்பிப் பாலைவனத்துக்குள் இறங்குகிறது. எதிர்த்திசையில் ஏறிவரும் வண்டிகள் கொதித்து நின்றுவிடாதிருக்கும் பொருட்டு, குளிர்சாதனத்தை நிறுத்திவிடும்படி பலகைகளும் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். இறங்கி முடித்தால் இம்பீரியல் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்தப் பூமியில் கொலராடோ நதியின் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து, மழையே அறியாத மண்ணில் கீரையும் கோஸும் வைக்கோற்புல்லும் விளைவிக்கிறார்கள். பச்சை வயல் முடிந்த இடத்தில் மணற்குன்றுகள் தொடங்குகின்றன. அங்கே வயலும் இல்லை, வீடும் இல்லை. ஆயினும் அடுத்த ஊர் வருவதற்கு முன் முதலில் கண்ணில் பட்டது தகர ஷட்டர்களின் வரிசையே. யூமா நகரத்தில் கொலராடோ நதியைக் கடந்தோம். பெயர் கேட்டு நான் எதிர்பார்த்திருந்த பெருநதி அங்கே இல்லை. மேலே வயல்களும் நகரங்களும் குடித்து மிச்சம் விட்ட ஓர் ஓடைதான் பாலத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாலத்தோடு கலிபோர்னியாவின் சட்டங்களும் முடிந்துவிடுகின்றன. ஆற்றின் இக்கரையில் மெத்தைக்குத் தனி நிதி. அக்கரை அரிஸோனாவில் அப்படி ஒன்று கிடையாது. ஒரே மெத்தை, ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வாடகை அறை. பாலத்துக்கு மேற்கே அதற்கு மறுபிறப்பு உண்டு, கிழக்கே அநேகமாகக் குப்பைக்குழிதான். ஹீலா பெண்ட் என்ற ஊரை நெருங்கியபோது சகுவாரோ என்னும் நெடுங்கள்ளிகள் சாலையின் இரு பக்கமும் கை தூக்கி நின்றன. ஒரு கை முளைப்பதற்கே ஐம்பது அறுபது வருஷம் பிடிக்குமாம். வாங்கி இரண்டு வருஷத்தில் வீசப்படும் சாமான்களை முதுகில் சுமந்துகொண்டு எங்கள் லாரி அவற்றைக் கடந்து ஓடியது.

ஃபீனிக்ஸ் நகரத்தைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ஹோஹோகாம் என்று ஆராய்ச்சியாளர் பெயரிட்டிருக்கும் பூர்வகுடிகள் சால்ட் நதியிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி இங்கே விவசாயம் செய்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்த நாகரிகம் மறைந்து வாய்க்கால்கள் தூர்ந்தன. 1867-இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் வந்து, புதிதாக மார்க்கம் தேடாமல், அந்தப் பழைய வாய்க்கால்களின் தடத்தையே பின்பற்றித் தோண்டித் தண்ணீர் விட்டார். அதிலிருந்துதான் இன்றைய மாநகரம் எழுந்தது. நகரத்தின் நடுவே இன்றும் ஓடும் வாய்க்கால்களின் கரையில் ஜனங்கள் காலையில் உலாவுகிறார்கள். ஏற்கெனவே இருப்பதை எடுத்து உபயோகிப்பது இவ்வூருக்குப் புதிதல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்து நான் சொல்லப்போகும் கட்டடம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

புதிய வீட்டின் சாவி கைக்கு வரச் சிறிது தாமதம் ஏற்பட்டதால், சாமான்களைத் தற்காலிகமாக வைக்க நகரத்தின் மேற்குப் புறத்தில் ஓர் அறை பேசியிருந்தான் மருமகன். அங்கே போய் இறங்கினால், எல் கஹோனில் கண்டது போன்ற தகரக் கொட்டகை அல்ல. பெரிய மைதானத்தின் நடுவே, ஒரு காலத்தில் ‘கேமார்ட்’ கடையாக இருந்த கட்டடம். 1962-இல் மிஷிகனின் கார்டன் ஸிட்டியில் தொடங்கி, மலிவு விலைக்குப் பெயர் பெற்று, நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கிளைத்து, பின்பு போட்டியில் தோற்று நலிந்த வியாபாரம் அது. தாய்க் கம்பெனி 2018-இல் திவாலாயிற்று. அதே வருஷத்தில் யூ-ஹால் கம்பெனி அதன் பழைய கடைகளில் 13-ஐ வாங்கிக் கிடங்காகவும் வண்டி நிலையமாகவும் மாற்றியது. பிற கம்பெனிகளும் இவ்வழியில் சென்றிருக்கின்றன. கடைக்கு வெளிச்சம் வேண்டும், வாசல் வேண்டும், ஜனம் வர வேண்டும். இவை மூன்றும் போன பிறகு அந்தப் பெரிய கூடத்தை என்ன செய்வது என்பது அமெரிக்க நகரசபைகளுக்குப் பெரும் தலைவலியாக இருக்கிறது. ஜன்னலே இல்லாத உயரமான கூடம், சுமை தாங்கும் தரை, லாரி வந்து நிற்கும் மேடை, முன்னால் ஏராளமான நிறுத்துமிடம் ஆகிய இவ்வளவும் தயாராக உள்ள இடம் ஸ்டோரேஜ்காரருக்கோ பெரும் வரப்பிரசாதம்.

நிர்வாகியாக இருந்தவர் மெக்ஸிகோ வம்சாவளியைச் சேர்ந்த நடுத்தர வயது மாது. அறையைக் காட்ட அழைத்துப் போகும்போது, ஒரு திருப்பத்தில் நின்று காலடியைச் சுட்டிக் காட்டினார். பழுப்பேறிய தரைக் கற்களின் இடையே வெளிறிய செவ்வகங்கள் வரிசையாகத் தெரிந்தன. பணம் வாங்கும் மேஜைகள் நின்ற தடம். “நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் அம்மா இங்கேதான் செருப்பு வாங்கித் தருவாள்” என்றார். தரையை மாற்றவில்லை, தூண்களை மாற்றவில்லை, கூரையை மட்டும் செப்பனிட்டு வெள்ளை பூசி, உள்ளே நெளிவுத் தகடுகளால் அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். உலகமெங்கும் மனிதர் காரியங்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்டு உற்பத்தியிலிருந்து மட்டும் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வளவு பெரிய தளத்தை உடைத்து லாரியில் ஏற்றிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி கான்கிரீட் ஊற்றாமல் விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

கம்பெனிக்காரர் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வரவேற்பறையில் மாட்டியிருந்த விளம்பரம் முழுவதும் சூரியமின் தகடுகளின் படம். தகடுகள் இருப்பது உண்மை, உபயோகமும் உண்மை. வேறெதற்கும் வேண்டாத மட்டக் கூரை, வருஷத்தில் பெரும்பகுதி மேகமே காணாத ஆகாயம், உள்ளே சொற்பச் செலவு. இவை சேர்ந்த இடத்தில் சூரியமின்சாரம் லாபமாக அமையாவிட்டால்தான் அதிசயம். விளக்குகளும் அப்படியே. நடைபாதை முழுவதும் இருட்டாக இருந்தது. நாங்கள் அடியெடுத்து வைக்க வைக்க முன்னால் ஒவ்வொரு விளக்காக எரிந்தது, திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது. வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டி அடிக்கும் ஊரில் உள்ளே குளிர்ச்சி வேண்டாமா என்று கேட்டேன். சோபாவுக்கு வியர்க்காது, ஆகையால் மனிதருக்கு வைப்பது போல் குளிர வைப்பதில்லை, 27 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் மரம் வெடிக்காது, மெழுகு உருகாது, அவ்வளவுதான் என்று பதில் வந்தது. முன்புறத்துப் புல்தரையையும் எடுத்துவிட்டுச் சரளை பரப்பி, பாலைவனத்துப் பாலோ வெர்டே மரங்களை நட்டுச் சொட்டு நீர் விடுகிறார்கள். எல்லாம் நல்லதே, ஆனால் இவை ஒவ்வொன்றும் செலவைக் குறைக்கும் காரியங்கள். செலவு குறைகிற இடத்தில் தர்மம் செய்வது யாருக்கும் கஷ்டமில்லை.

கஷ்டம் எங்கே என்பதைக் கட்டடத்தின் பின்புறத்தில் பார்த்தேன். அங்கே ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி, ஒரு சிறு அறை அளவு பெரியது, கம்பி வேலிக்குள் நின்றது. வேலிக்கு ஒரு பூட்டு, தொட்டி மூடிக்கு இன்னொரு பூட்டு. ஆயிரம் குடும்பங்களின் சொத்தைக் காக்கும் இடத்தில் குப்பைக்கு மட்டும் ஏன் இரட்டைக் காவல்? நிர்வாகி சிரித்தார். அறையைக் காலி செய்கிறவர்கள் கடைசி நாள் இரவில் சோபாவையும் மெத்தையையும் இங்கே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், அதை அகற்றும் கட்டணம் கம்பெனியின் தலையில் விழும், ஆகையால் இத்தொழிலில் எந்த ஊருக்குப் போனாலும் தொட்டியில் பூட்டைப் பார்க்கலாம் என்றார். தொட்டிக்குப் பக்கத்தில், பூட்டைக் கண்டு ஏமாந்தவர்கள் சுவரோரம் சாத்திவிட்டுப் போன புத்தக அலமாரி ஒன்று நின்றது. தொட்டுப் பார்த்தேன். மேலே தேக்கு போல் ஒட்டிய காகிதம். உரிந்த மூலையில் உள்ளே இருந்தது மரத்தூள். பசையைக் கலந்து அழுத்திச் செய்த பலகை அது. முதல் தடவை திருகாணி முறுக்கும்போது பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை கழற்றி மறுபடி முறுக்கினால் துளை பொடியாகிவிடும். பசை கலந்திருப்பதால் விறகாகவும் ஆகாது, உரமாகவும் ஆகாது. ஒருமுறை பூட்டி ஓரிடத்தில் நிற்பதற்கென்றே செய்த சாமானை, சில வருஷத்துக்கொரு முறை வீடு மாறும் ஜனங்கள் வாங்குகிறார்கள்!

2018-ஆம் வருஷத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட கணக்கு இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. உபயோகித்து எறிந்த அட்டைப்பெட்டிகளில் நூற்றுக்கு 96.5 பங்கு மறுபடியும் காகித ஆலைக்குத் திரும்பியது. அட்டையின் நார் ஐந்தாறு முறை கூழாகிப் பெட்டியாகும் தன்மை உள்ளது. பழைய அட்டையை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. அதே வருஷம் அந்நாட்டார் கழித்துக்கட்டிய மேஜை, நாற்காலி, சோபா, மெத்தை முதலியன 1 கோடியே 21 லட்சம் டன். அதில் நூற்றுக்கு 80 பங்கு அப்படியே குழிக்குப் போயிற்று, மீதியில் பெரும்பகுதியை எரித்தார்கள். ஆக, ஸ்டோரேஜ் கம்பெனிகள் மறுசுழற்சி என்று பெருமையோடு எடுத்துக்காட்டும் அட்டைப்பெட்டி, அவர்கள் முயற்சி இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளக்கூடியது. பூட்டிய அறைகளுக்குள் அவர்கள் பொறுப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கிற சாமானோ, வெளியே வந்த அன்றே வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலொழிய பிழைக்க வழியில்லாதது. மெத்தை போன்ற சிலவற்றைத் தவிர, உருக்கிப் பிசைந்து வேறொன்றாக்கும் வித்தை அதற்குப் பலிக்காது; கைமாறுவது ஒன்றே கதி.

வாடகை நின்றுபோன அறைகளுக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பி, கெடு தாண்டிய பின் உள்ளிருப்பதை ஏலம் போடுகிறார்கள். 2010-இல் தொடங்கிய ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியால் இந்த ஏலம் கியாதி பெற்று, பொக்கிஷம் கிடைக்கும் என்று நம்பி வருவோர் பெருகினார்கள். இப்போது பெரும்பாலும் புகைப்படம் காட்டி இணையத்திலேயே நடக்கிறது. ஏலம் எடுத்தவர் குறித்த நாளுக்குள் அறையைத் துடைத்துக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. விலை போகும் நாலு சாமானை எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவதே அவர்களில் பலர் வழக்கம் என்று நிர்வாகி சொன்னார். ஆனால் ஒரு மரியாதையை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்: குடும்பப் புகைப்படங்கள், பிறப்புப் பத்திரங்கள், கடிதங்கள் இவற்றைக் காரியாலயத்தில் ஒப்படைத்துவிடுவது. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒரு செருப்புப் பெட்டியில் கல்யாணப் படங்கள், ராணுவ உடுப்பில் ஒரு வாலிபன், மழலைப் பள்ளிச் சான்றிதழ். முகவரிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். வந்து வாங்கியவர்கள் குறைவு.

நிர்வாகி தாமாகச் செய்திருக்கும் ஒரு காரியம், விளம்பரப் பலகையில் இடம்பெறாதது, எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பட்டது. அறையைக் காலி செய்கிறோம் என்று யாராவது தகவல் கொடுத்தால், உடனே அவர்களிடம் எதை வேண்டாமென்று விடப்போகிறார்கள் என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். தர்ம ஸ்தாபனத்தின் லாரி வரும் நாளை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஃபீனிக்ஸில் 1946 முதல் தொண்டு செய்துவரும் செயின்ட் வின்சென்ட் டி பால் சங்கத்துக்குப் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. 1902-இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் பாஸ்டனில் பழைய துணியைச் சேகரித்து ஏழைகளைக் கொண்டே தைத்துச் செப்பனிட்டு விற்கத் தொடங்கிய ‘குட்வில்’ ஸ்தாபனத்தின் கடைகளும் உண்டு. அவர்களும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை. கறை பட்ட மெத்தையை வாங்கமாட்டார்கள். பக்கவாட்டுச் சட்டம் இறங்கும் தினுசுக் குழந்தைக் கட்டிலை 2011 முதல் விற்பதே சட்டவிரோதம். மரத்தூள் அலமாரியைக் கண்டால் லாரிக்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆயினும் இந்தக் கேள்வியை, காலி செய்யும் இரவில் கேட்காமல் ஒரு வாரம் முன்னால் கேட்பதனாலேயே தொட்டிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுப் போகும் சாமான் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார் அவர். சூரியத் தகட்டுக்கு ஆகும் மூலதனத்தில் நூறில் ஒரு பங்கும் இதற்கு வேண்டாம்; கேட்பதற்கு ஓர் ஆளும் குறித்துக்கொள்ள ஒரு காகிதமும் போதும். ஆனால் காலியாகாத அறையே கம்பெனிக்கு வருமானம் ஆகையால், ‘உள்ளே இருப்பதில் வேண்டாதது எது?’ என்று முதல் மாதத்திலேயே கேட்கும்படி எந்த முதலாளியும் தம் சிப்பந்திக்கு உத்தரவிடப் போவதில்லை. அதை அந்த அம்மாளும் அறிந்தே இருந்தார்.

மருமகனுக்கு ஐந்தடிக்கு ஐந்தடி அறை ஒன்றே போதுமென்று ஆயிற்று. பொம்மைப் பெட்டிகளும் படிகளும் உள்ளே போயின. லாரியிலிருந்து வெள்ளை எழுதுமேஜையை இறக்கும்போது அதன் ஒரு கால் கையோடு வந்துவிட்டது. திருகாணி இருந்த இடத்தில் ஒரு பிடி மரத்தூள் உதிர்ந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நிர்வாகி ஒன்றும் சொல்லாமல் தொட்டியின் சாவியை எடுத்து வந்தார்; அகற்றும் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

லாரியைத் திருப்பிக் கொடுக்கச் சாயங்காலம் வரை அவகாசம் இருந்ததால், போகிற வழியில் அவர் சொன்ன பழைய சாமான் கடைக்குள் நுழைந்தோம். ஓக் மரத்தில் செய்த மேஜை ஒன்று மூலையில் இருந்தது. கால்களைத் திருகாணியால் அல்ல, மரத்தை மரத்தில் பொருத்தியே இணைத்திருந்தார்கள். மேற்பரப்பில் காபிக் கோப்பை வைத்த வட்டங்கள்; அடிப்புறத்தில் யாரோ ஒரு குழந்தை பென்சிலால் எழுதிப் பார்த்த பெருக்கல் வாய்ப்பாடு. விலைச் சீட்டைப் பார்த்தவன் கைபேசியை எடுத்து ஏதோ கணக்குப் போட்டான். “மாமா, அந்த மேஜைக்கு நான் கட்டின வாடகையில ஒரு மாசத்துது கூட இல்லை இது!” என்றான். நான் பதில் பேசாமல் மேஜையின் மறு முனையைப் பிடித்துத் தூக்கினேன், கனமாகத்தான் இருந்தது.